எதில் இருபது சதவீதம்? கொலுசுப் பட்டறைக் கணக்கில் நான் விட்ட 600 கிராம்

சேலம் சிவதாபுரம் பக்கம் எங்களுக்கு ஒரு சின்னக் கொலுசுப் பட்டறை. கணக்கு நோட்டு எப்போதும் மாமனார் கையில்தான். இரண்டு வருடத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் விழுந்துவிட்டன, நோட்டு என்னிடம் வந்தது. நான் பி.காம் படித்தவள். சதவீதம், தசமம், பின்னம் எல்லாம் ஏழாம் வகுப்போடு முடிந்த சமாச்சாரம் என்ற நினைப்பு. மூன்றே லாட்டில், அதாவது மூன்றே தடவை உருக்கிய சரக்கில், 600 கிராம் சுத்த வெள்ளியை விட்டேன். திருடு போகவில்லை, சேதாரத்தில் போகவில்லை, தராசும் சரியாகத்தான் இருந்தது. வெறும் பெருக்கலிலும் வகுத்தலிலும் போனது. அப்போது விலை கிராம் நூறு ரூபாயை ஒட்டி இருந்தது. இந்தக் கட்டுரை முழுக்க நூறு என்றே வைத்துக்கொள்கிறேன், கணக்குப் போட வசதி. ஆக 60,000 ரூபாய். யாராவது ஒருவர் முன்னாடியே உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் அரைமணி நேர வேலை.

தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘டச்’ என்பது நூறு கிராமில் எத்தனை கிராம் சுத்த வெள்ளி என்பது. 80 டச் கொலுசு என்றால் நூற்றில் 80 வெள்ளி, மீதி 20 பெரும்பாலும் செம்பு. வியாபாரி 5 கிலோ சுத்த வெள்ளி கொடுத்து 80 டச்சில் கொலுசு கேட்டார். எத்தனை செம்பு சேர்ப்பது? இருபது சதவீதம் செம்பு, 5 கிலோவில் இருபது சதவீதம் 1 கிலோ. கால்குலேட்டரே வேண்டாம் என்று பெருமையாக எழுதிக் கொடுத்தேன். உருக்குகிற அண்ணன் சீட்டைப் பார்த்து, “ஏம்மா, செம்பு கம்மியா இருக்குதே?” என்றார். “சரியாத்தான் போட்டிருக்கேங்கண்ணா” என்றேன். அவர் மேற்கொண்டு பேசவில்லை.

நடந்தது இதுதான். 5 கிலோ வெள்ளியும் 1 கிலோ செம்பும் சேர்ந்தால் 6 கிலோ. ஆறில் ஐந்து பங்கு வெள்ளி. ஐந்தை ஆறால் வகுத்தால் 0.8333, அதாவது 83.33 டச். வியாபாரி வரவு வைப்பது பேசிய 80 டச்சுக்கு. 6,000 கிராமை 0.80-ஆல் பெருக்கினால் 4,800 கிராம் சுத்தம்தான் என் கணக்கில் ஏறும். நான் வாங்கியதோ 5,000. லாட்டுக்கு 200 கிராம் ஓட்டை, மூன்று லாட்டுக்கு 600. டச் கூடுதலாக இருக்கிறது என்று யாரும் புகார் சொல்ல மாட்டார்கள் இல்லையா? மாதக் கடைசியில் பாக்கி பார்த்தபோதுதான் தெரிந்தது. அன்று இரவு சோறு இறங்கவில்லை. பொருளைவிட, அண்ணன் கேட்டபோது நின்று யோசிக்காமல் விட்டதுதான் அறுத்தது.

தப்பு ஒரே இடத்தில். 80 டச் என்றால் செம்பு, கலந்து முடிந்த மொத்தத்தில் இருபது சதவீதம். நான் போட்டது வெள்ளியில் இருபது சதவீதம். பின்னமாக எழுதியிருந்தால் கண்ணில் அடித்திருக்கும்: மொத்தம் ஐந்து பங்கு, நான்கு வெள்ளி, ஒன்று செம்பு. செம்பு மொத்தத்தில் ஐந்தில் ஒன்று. வெள்ளியோடு ஒப்பிட்டால் நான்கில் ஒன்று. ஆக 5 கிலோவுக்குக் கால் பங்கு, 1,250 கிராம் செம்பு, மொத்தம் 6,250. சரி பார்க்க 6,250-ஐ 0.80-ஆல் பெருக்குங்கள், 5,000 வந்து நிற்கும். இதை ஒரு வாய்ப்பாடாகவே மனதில் வைக்கலாம். ஒரு பொருள் மொத்தத்தில் ஐந்தில் ஒன்று என்றால் மிச்சத்தில் நான்கில் ஒன்று. மொத்தத்தில் நான்கில் ஒன்று (75 டச்) என்றால் மிச்சத்தில் மூன்றில் ஒன்று. பத்தில் ஒன்று (90 டச்) என்றால் ஒன்பதில் ஒன்று. பாதி என்றால் சரிக்குச் சரி. கீழே இருக்கும் எண்ணில் ஒன்றைக் குறைத்தால் போதும். 72, 77 மாதிரி மடங்காத டச் வந்தால் சுத்த வெள்ளியின் எடையை டச்சால் வகுத்துவிடுங்கள், மொத்த எடை வந்துவிடும்; அதிலிருந்து வெள்ளியைக் கழித்தால் செம்பு. 5,000 வகுத்தல் 0.72 என்றால் 6,944.4. செம்பு 1,944.4 கிராம். பெருக்கக் கூடாது, வகுக்க வேண்டும். இந்த ஒரு இடத்தில்தான் படித்தவர்களும் வழுக்குகிறோம்.

மாமாவின் பழைய நோட்டுகளில் 80 டச் லாட் ஒவ்வொன்றின் ஓரத்திலும் ‘வ செ’ என்று பென்சிலில் இருந்தது. வரவு செலவு என்று நினைத்துப் புரட்டிக்கொண்டு போயிருந்தேன். பழைய தமிழ்க் கணக்கில் ‘கால்’ என்பதற்கான குறி ‘வ’ போலத்தான் இருக்கும். அது ‘கால் செம்பு’. விடை ஓரத்திலேயே இருந்திருக்கிறது, எனக்கு வாசிக்கத் தெரியவில்லை.

அதற்கப்புறம் அந்தப் பின்னங்களைக் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். பழம்பெருமைக்காக இல்லை, மனக்கணக்குக்கு அத்தனை வாகாக இருக்கிறது. ஒரு மா என்பது இருபதில் ஒன்று, அதாவது 5 சதவீதம். இருமா 10, மும்மா 15, நாலுமா 20. அரைமா இரண்டரை சதவீதம். காணி எண்பதில் ஒன்று, ஒன்றேகால் சதவீதம். மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி, பதினாறில் ஒன்று, 6.25 சதவீதம். அரைக்கால் எட்டில் ஒன்று, 12.5. இந்த ஏழெட்டுச் சொல் தெரிந்தால் பாதி சதவீதக் கணக்குக்குப் பேனாவே தேவையில்லை. 92.5 டச்சில் கலப்பு எவ்வளவு? நூற்றில் ஏழரை, ஒன்றரை மா. கிலோவுக்கு ஒரு மா 50 கிராம், அரைமா 25, ஆக 75 கிராம். முடிந்தது.

இனி, கலவை தப்பிப்போனால் சரிசெய்வது. இதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. சூத்திரம் ஒன்றுதான்: எது மாறவில்லையோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். செம்பு சேர்க்கும்போது வெள்ளி மாறுவதில்லை. வெள்ளி சேர்க்கும்போது செம்பு மாறுவதில்லை. 83.33 டச்சில் 6 கிலோ கிடக்கிறது, 80-க்கு இறக்க வேண்டும் என்றால், உள்ளே இருக்கும் வெள்ளி 5,000, அதை 0.80-ஆல் வகுத்தால் 6,250. இன்னும் 250 செம்பு. இது எளிது. திருப்பிப் பாருங்கள். 76 டச்சில் 2 கிலோ இருக்கிறது, 80-க்கு ஏற்ற வேண்டும். நாலு டச்தானே குறைகிறது, 2 கிலோவில் நாலு சதவீதம் 80 கிராம் வெள்ளி போட்டால் சரியாகிவிடும் என்று கை பரபரக்கும். போட்டால் வருவது 76.92 டச்தான். செம்பைப் பிடியுங்கள்: 2,000-இல் 24 சதவீதம், 480 கிராம். அந்த 480 புது மொத்தத்தில் ஐந்தில் ஒன்றாக வேண்டும். அப்படியானால் மொத்தம் 2,400. சேர்க்க வேண்டிய சுத்த வெள்ளி 400 கிராம். 80 என்று நினைத்த இடத்தில் 400! கிட்டத்தட்ட 40,000 ரூபாய் வெள்ளியை உள்ளே தள்ள வேண்டும். அதனால்தான் அனுபவசாலிகள் டச் இறங்கிப்போன சரக்கை அப்படியே வேறு ஆர்டருக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். உருக்கும்போது ஒரு துளி மேலே நிற்பது நல்லது. இறக்குவதற்குச் செம்புக் காசுதான், ஏற்றுவதற்கு வெள்ளிக் காசு.

சராசரியிலும் ஒரு அடி வாங்கினேன். பழைய கொலுசு மாற்றலில் 600 கிராம் 70 டச்சிலும், 200 கிராம் 90 டச்சிலும் வந்தது. 70-க்கும் 90-க்கும் நடு 80, எல்லாம் சேர்த்து 800 கிராம், 640 சுத்தம் என்று வரவு வைத்தேன். தனித்தனியாகப் போட்டால் 420-உம் 180-உம், மொத்தம் 600 கிராம்தான், டச் 75. 40 கிராம், 4,000 ரூபாய் போச்சு. எடை சமமாக இருந்தால் மட்டும்தான் நடுவில் பிளக்கலாம். ஏற்காடு பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். சேலத்திலிருந்து மேலே சுமார் 30 கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது மணிக்கு 20, இறங்கும்போது 30 என்றால் சராசரி 25 என்று வாய் தானாகச் சொல்லும். ஏற ஒன்றரை மணி, இறங்க ஒரு மணி; இரண்டரை மணியில் 60 கிலோமீட்டர், ஆக 24. மெதுவாகப் போன நேரம் கூட, அதனால் அது தன் பக்கம் இழுக்கிறது. பற்றவைக்கிற பொடியும் இப்படித்தான் டச்சை இழுக்கும். 80 டச் உருப்படி 960 கிராம், 60 டச் பொடி 40 கிராம் என்றால் 768-உம் 24-உம் சேர்ந்து 792; கொலுசு 79.2 டச்சில் நிற்கும். பொடி கொஞ்சம்தானே என்று விட்டால் டச் பார்க்கிற கடையில் தலைகுனிய வேண்டும்.

சேதாரத்துக்கும் அதே கேள்விதான்: எதில்? கொடுத்த எடையில் மூன்று சதவீதமா, முடித்துத் தரும் எடையிலா? பேச்சு ஆரம்பிக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கொடுத்த எடையில் மூன்று என்றால், 10 கிலோ முடித்துத் தர 10,300 கிராம் போதாது; 10,000-ஐ 0.97-ஆல் வகுத்தால் 10,309.28. ஒன்பது கிராம் என்ன பெரிசு என்று தோன்றும், வருடம் முழுக்க ஓடும் பட்டறைக்கு அது பெரிசுதான். இன்னொன்று, “ஒரு சதவீதம்தானே கூடக் கேக்கறேன்” என்று யாராவது இரண்டை மூன்றாக்கச் சொன்னால் அது ஒரு சதவீதம் கூடுதல் இல்லை. கிலோவுக்கு 20 கிராம் 30 கிராம் ஆகிறது. பாதிக்குப் பாதி ஏற்றம். அதற்கு ஏற்ற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பேரம் பேசலாம்.

தசமப் புள்ளியில் நான் தப்பித்தது கடவுள் புண்ணியம். தராசில் 2.050 கிலோ. எடை வாசித்த பையன் “ரெண்டு அம்பது” என்றான், நான் 2.50 என்று எழுதினேன். 450 கிராம் வித்தியாசம். 80 டச்சில் 360 கிராம் சுத்தம், 36,000 ரூபாய். மறு எடையில் அண்ணன் பிடித்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் நோட்டில் கிலோ என்ற சொல்லே கிடையாது. எல்லாம் கிராமில், புள்ளி இல்லாமல்: 2050. புள்ளி தவிர்க்க முடியாத இடத்தில் ஒவ்வொரு இலக்கத்தையும் தனியாகச் சொல்வது, “ரெண்டு புள்ளி பூஜ்யம் அஞ்சு பூஜ்யம்” என்று. கேட்கச் சிரிப்பாக இருக்கும், இருக்கட்டும். அதே மாதிரி அரை சதவீதம் என்பது 0.5 இல்லை. 0.5 பாதி, 0.05 ஐந்து சதவீதம், 0.005 தான் அரை சதவீதம். 92.5 டச், ஹால்மார்க்கில் 925, கால்குலேட்டரில் 0.925 மூன்றும் ஒன்றே. முதலாவது நூற்றுக்கு, இரண்டாவது ஆயிரத்துக்கு, மூன்றாவது ஒன்றுக்கு. தங்கத்தின் 916-உம் ஆயிரத்துக்குத்தான்: 22 காரட் என்பது 24-இல் 22 பங்கு, 22-ஐ 24-ஆல் வகுத்தால் 0.91666 என்று போய்க்கொண்டே இருக்கும். முடியாத தசமத்தை நடுவில் வெட்டாதீர்கள். 83.33-ஐ 83 என்று சுருக்கிப் பெருக்கினால் 6 கிலோவில் 20 கிராம் காணாமல் போகும். ஆறில் ஐந்து என்று பின்னமாகவே வைத்திருந்து கடைசியில் ஒரே தடவை சுருக்குவதுதான் சரி.

ஜிஎஸ்டி விஷயத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். கொலுசுக்கு 3 சதவீதம். வரி சேர்த்த தொகையிலிருந்து வரியைப் பிரிக்க, அந்தத் தொகையில் 3 சதவீதம் கழிக்கக் கூடாது, 1.03-ஆல் வகுக்க வேண்டும். 1,03,000-ஐ வகுத்தால் 1,00,000 வரும். மூன்று சதவீதம் கழித்தால் 99,910 என்று ஒரு அசட்டு எண் வரும். வரி சேர்த்து 20 லட்சம் விற்ற மாதத்தில் நான் 58,252 கட்ட வேண்டிய இடத்தில் 60,000 கட்டினேன். கால்குலேட்டரில் உள்ள சதவீதப் பொத்தானையும் நம்பாதீர்கள், கால்குலேட்டருக்குக் கால்குலேட்டர் அது வேறு மாதிரி நடக்கும். புதிதாக ஒன்று வாங்கினால் 100 கூட்டல் 3 அடித்து அந்தப் பொத்தானை அழுத்திப் பாருங்கள், 103 வருகிறதா என்று. நான் அதைத் தொடுவதே இல்லை; கூட்ட 1.03-ஆல் பெருக்கு, பிரிக்க 1.03-ஆல் வகு.

வீட்டு முன்னறையில் கொஞ்சம் சில்லறை வியாபாரமும் உண்டு. அடக்கம் 8,000 ரூபாய் ஜோடிக்கு, விற்பதில் 20 சதவீத லாபம் வேண்டும் என்று 20 சதவீதம் ஏற்றி 9,600 போட்டேன். 1,600 என்பது 9,600-இல் ஆறில் ஒன்று, 16.67 சதவீதம்தான். விற்கிற விலையில் ஐந்தில் ஒன்று லாபம் வேண்டுமானால் அடக்கத்தில் நான்கில் ஒன்று ஏற்ற வேண்டும்: 10,000. அதே ‘வ’ தான், செம்புக்குப் பதில் லாபம். இது போதாதென்று ஆடி மாதம் மாரியம்மன் பண்டிகைக் கூட்டத்தில் ஊரே தள்ளுபடி போர்டு மாட்ட, நானும் 20 சதவீதம் தள்ளினேன். ஏற்றியது 20, இறக்கியது 20, நஷ்டமில்லை என்று கணக்கு. 9,600-இல் 20 சதவீதம் 1,920. கைக்கு வந்தது 7,680, ஜோடிக்கு 320 ரூபாய் அடக்கத்திலேயே அடி. பதினோரு ஜோடி விற்ற பிறகுதான் விழித்தேன். வாங்கப் போகும் இடத்தில் இதே கணக்கு நமக்கு உதவும். ‘20 + 10 தள்ளுபடி’ என்றால் 30 இல்லை, 0.80-ஐ 0.90-ஆல் பெருக்க 0.72, ஆக 28 தான். சின்னச் சதவீதங்களைச் சும்மா கூட்டினால் பெரிய மோசம் வராது. ஒன்றும் ஒன்றும் இரண்டுமாக மூன்று படிச் சேதாரம் 4 என்று கூட்டினால் உண்மையில் 3.95. எண் பெருக்கப் பெருக்கத்தான் இடைவெளி விரியும்.

வியாபாரியின் வெள்ளிப் பாக்கியை அடைக்க 60,000 ரூபாய் கடன் வாங்கினேன், நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி. நம் ஊரில் இரண்டு ரூபாய் வட்டி என்றால் மாதத்துக்கு; வருடத்துக்கு 24 சதவீதம். வங்கிக்காரர் சொல்லும் 12 சதவீதம் வருடத்துக்கு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஒரு வருடம் மூன்று மாதத்தில் முதலும் வட்டியும் திருப்பப் போனபோது, வருடத்துக்கு 14,400 வட்டி, அதை 1.3-ஆல் பெருக்கி 18,720, முதலோடு 78,720 என்று கட்டாக எடுத்துப் போனேன். வட்டிக்காரர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு எண்ணினார். எழுநூற்று இருபதைத் தனியாக எடுத்து என் பக்கம் தள்ளினார்.

“பதினஞ்சு மாசம்தானேம்மா? மாசம் ஆயிரத்து எறநூறு. பதினெட்டாயிரம்.”

வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம். மூன்று மாதம் என்பது கால் வருடம், 1.25. மறுபடியும் அந்தக் காலில்தான் தடுக்கியிருக்கிறேன்.